ரிவர்ஸ் எடுக்காத மாப்பிள்ளை

ஓடிவிட்டான் என்று மட்டும் சொல்லாதீர்கள். மேல்மாடி ஹாஃபியா சொல்கிறாள், சொல்லட்டும். வாயில் சூரியகாந்தி விதை இல்லாத நேரத்தில் மெல்லுவதற்கு அவளுக்கு யாராவது வேண்டும். குடித்தான் என்கிறாள், ஆட்டத்தை விற்றான் என்கிறாள், கடைசியில் என் மகள் மெலான்காவை விட்டுவிட்டு ஓடிவிட்டான் என்கிறாள். என் மாப்பிள்ளை ஸினோவி இந்த மூன்றில் ஒன்றைக்கூடச் செய்யவில்லை. அவர் செய்தது தடுத்தது மட்டும்தான். விவரம் தெரிந்த நாளிலிருந்து அதைத்தான் செய்துகொண்டிருக்கிறார்.

தடுப்பாட்டக்காரர் என்று ஓர் இனம் இருக்கிறது. கால்பந்தாட்டத்தில் தங்கள் கோலுக்கு முன்னால் நிற்பார்களே, அவர்கள்தான். ஆனால் மைதானத்தை விட்டு வெளியே வந்த பிறகுதான் அவர்களைச் சரியாகப் பார்க்க முடியும். கோல் போட்டவர் வயதானால் அந்தக் கதையைச் சொல்லியே பொழுதைப் போக்கிவிடுவார். தடுத்தவர் எதைச் சொல்வார்? நடக்காமல் போனதை எப்படிக் கதையாகச் சொல்வது? ஆகவே அவர் வீட்டிலும் தடுக்க ஆரம்பிக்கிறார். விருந்தாளிக்கும் போர்ஷ் சூப் பானைக்கும் நடுவே நின்றுகொள்கிறார். ரொட்டி வரிசையில் முன்னால் இருப்பவரின் முதுகோடு ஒட்டி நின்று, அவர் இடது பக்கம் அசைந்தால் தானும் இடது பக்கம் அசைகிறார். குவளை விழுந்து உடைந்தால் உடனே வலது கையைத் தூக்கிக்கொண்டு பக்கவாட்டில் பார்க்கிறார். கோட்டோரம் நிற்கும் நடுவர் கொடியைத் தூக்கி, உடைந்தது செல்லாது என்று சொல்லிவிடுவாராம். எங்கள் சமையலறையில் கொடியோடு யாரும் நிற்பதில்லை. கை மட்டும் இறங்காது.

கல்யாணத்தன்றே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் விருந்து நடுவே நண்பர்கள் மணப்பெண்ணைத் திருடி ஒளித்து வைப்பதும், மாப்பிள்ளை ஆடிப் பாடி அவளை மீட்பதும், எல்லாரும் சிரிப்பதும் வழக்கம். ஸினோவியின் கல்யாணத்தில் யாரும் சிரிக்கவில்லை. மெலான்கா எந்தப் பக்கம் திரும்பினாலும் அவர் அங்கே இருந்தார். திருட வந்தவர்களில் ஒருவன் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

"விடுப்பா, சும்மா வெளாட்டுக்குத்தானே!"

"வெளாட்டுங்கறதாலதான் விடல."

அவரும் ஒரு கோல் போட்டிருக்கிறார். தன் பக்கத்திலிருந்து பந்தை வெளியே தள்ள ஓங்கி அடித்தார். காற்று அதை அப்படியே கொண்டுபோய் எதிரணி வலைக்குள் வைத்தது. ஸினோவி மைதானம் முழுக்க நடந்துபோய் அந்தக் கோல்காப்பாளரிடம் மன்னிப்புக் கேட்டார். இன்றும் யாராவது அதைப் பாராட்டினால் முகம் சிவந்து எழுந்து போய்விடுவார்.

இந்த இனம் பயிற்சியாளர் ஆனால் என்ன ஆகும்? தான் ஒருவர் செய்ததை இனிப் பதினொரு பேரைச் செய்யவைப்பார். எங்கள் சர்க்கரை ஆலை அணி அப்படித்தான் ஆயிற்று. எதிரணியின் கோல் எங்கே இருக்கிறது என்பதே எங்கள் பிள்ளைகளுக்கு மறந்துபோனது. பார்க்க வந்த பெண்கள் பின்னல் வேலையை முடித்துக்கொண்டு போனார்கள். ஆலை இயக்குநரே ஒருநாள் வாய்விட்டுக் கேட்டார்:

"ஏம்ப்பா ஸினோவி, வருஷத்துக்கு ஒண்ணாவது போடக் கூடாதா?"

"போடலாம்யா. ஆனா பின்னால யாரு இருக்கா?"

இதுதான் அவருடைய வாக்கியம். சுவருக்குப் புது வண்ணம் அடிப்போமா என்று கேட்டாலும் இதைத்தான் சொல்வார்.

இருந்தும் அணி ஒவ்வொரு வருஷமும் கீழ்ப் பிரிவுக்கு விழாமல் நின்றது. அந்த இலையுதிர் காலத்தில் கடைசி ஆட்டம் மட்டும் பாக்கி. பக்கத்து ஊரில் போய்ச் சமன் செய்தால் போதும், அணி பிழைக்கும், மாப்பிள்ளையின் வேலையும் பிழைக்கும். தோற்றால் இரண்டும் போகும். சமன் செய்வதற்கென்றே பிறந்த மனிதருக்கு இது ஒரு பெரிய காரியமா?

பழைய ஆட்டக்காரர்களிடம் ஒரு விதி உண்டு: ஆட்டத்துக்குப் போகும் பஸ் பின்னால் நகரக் கூடாது. நகர்ந்தால் தோல்விதான். அதற்காகவே ஓட்டுநர் ப்ரோகிப் ஊரையே ஒரு சுற்றுச் சுற்றித்தான் பெரிய சாலையைப் பிடிப்பார். அன்று, வயல்களுக்கு நடுவே ஒடுக்கமான பாதையில், சர்க்கரைக் கிழங்கு ஏற்றிய லாரி ஒன்று அச்சு முறிந்து குறுக்கே படுத்திருந்தது. பாதையெல்லாம் கிழங்கு.

"கோச், கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்தா போதும். அந்தா தெரியுது பாருங்க, கிளை ரோடு."

"எடுக்கக் கூடாது."

"கூப்பிடற தூரந்தான் கோச்!"

"பஸ் பின்னால போனா தோத்துருவோம் ப்ரோகிப்."

"போகவே இல்லைன்னா?"

மாப்பிள்ளை வலது கையைத் தூக்கினார். பக்கவாட்டில் பார்த்தார். வயலில் ஒரு காகம் நின்றது.

ஆட்டக்காரர்கள் ஆட்டச் சட்டையோடு இறங்கிக் கிழங்கு பொறுக்கினார்கள். லாரியை அசைத்து ஓரங்கட்டிப் பக்கத்து ஊர் போய்ச் சேர்ந்தபோது நடுவர் விசிலைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போயிருந்தார். வராத அணிக்கு மூன்று கோல் தோல்வி என்பது சட்டம். வாழ்நாளில் ஓர் ஆட்டத்திலும் மூன்று கோல் விடாத மனிதர், பஸ்ஸில் உட்கார்ந்தபடியே மூன்று வாங்கினார். அணி கீழே போனது. வேலையும் போனது. இதில் குடி எங்கே வந்தது? விற்றது எங்கே வந்தது?

குளிர்காலம் முழுக்க என் சமையலறையில்தான் உட்கார்ந்திருந்தார். பொறுக்க முடியாமல் ஒருநாள் கேட்டேன்.

"மாப்ள, நீங்க காலம்பூரா பின்னாலயே ஓடுன ஆளுதானே?"

"நான் ஓடலாம் அத்தை. பந்தைப் பாத்துக்கிட்டே பின்னால போறதுதான் எங்க தொழிலே. மொகம் எப்பவும் முன்னாலதான் இருக்கும்."

"பஸ்ஸுக்கும் மொகம் முன்னாலதானே இருக்கு?"

பனி உருகும்வரை அவர் அதையே யோசித்துக்கொண்டிருந்தார்.

வசந்தத்தில், ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் மீன் ஆலை அணி அவரைக் கூப்பிட்டது. மெலான்கா அவரோடு போகவில்லை. "உங்க பசங்க ஒரு கோல் போடட்டும், அன்னிக்கு வர்றேன்" என்று சொல்லிவிட்டாள். என் மகள், பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்று கேட்காதீர்கள்.

புறப்படும் முன் வழக்கப்படி எல்லாரும் ஒரு கணம் பேசாமல் உட்கார்ந்தோம். அவர் பெட்டிமேல் உட்கார்ந்தார். எழுந்தார். வாசல் கதவைத் திறந்தார். பிறகு எங்களைப் பார்க்கத் திரும்பி நின்று, மெலான்காவின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், பின்னால் ஓர் அடி வைத்து நிலையைத் தாண்டினார்.

"என்னங்க இது? நேராப் போங்களேன்!"

"இப்படிப் போனா, திரும்பி வர்றது ரிவர்ஸ் ஆகாது மெலான்கா. நேரா முன்னால வர்றதுதான்."

படியிலும் அப்படியே இறங்கினார். "பின்னால யாரு இருக்கா?" என்று அவர் குரல் கேட்டது. வாழ்க்கையில் முதல்முறையாக அந்தக் கேள்விக்குத் தேவை இருந்தது.

"நான்தான்யா இருக்கேன், ஹாஃபியா! ஐயோ, என் வாளி!"

தண்ணீர் கீழ்மாடிவரை ஓடியது. கல்யாணத்தன்று சிரிக்காத என் மகள் அன்று கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மாப்பிள்ளை முற்றத்தைத் தாண்டி, இலை துளிர்த்த வாதுமை மரத்தைத் தாண்டி, வெளிவாசல்வரை முகத்தை இந்தப் பக்கம் வைத்தே போனார்.

ஓடுகிறவர் அப்படியா போவார்? வாளியைக் கவிழ்த்தார் என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.

நீங்கள் சிரித்தது போதும். நாளைக்கு யாராவது உங்களிடம் புதிதாக ஒன்று செய்யலாம் என்று சொல்லும்போது, உங்கள் வாயிலிருந்து முதலில் என்ன வருகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். அப்படியே வலது கை எங்கே இருக்கிறது என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.