தண்ணீர்த் தொட்டி செய்த குற்றம்

அந்த முதியோர் குடியிருப்பில் யாருக்கும் ஆசாபாசங்கள் கிடையாது என்பது நிர்வாகக் குழு ஏகமனதாக நிறைவேற்றிய தீர்மானம். ஆகவே அந்தரங்க நோயும் அங்கே வர முடியாது. தையல் தொழிலை விட்டு ஓய்ந்த தையல்காரம்மாவுக்கும் எதிர் அறை லாரிக்காரருக்கும் அது வந்தபோது, தவறு நோயின் பக்கம்தான் என்று மேலாளர் முடிவு செய்தார்.

"உடலுறவால பரவுற தொற்று சார். ரெண்டு பேருக்கும் சேர்த்தே மாத்திரை தரணும், இல்லாட்டி மாறி மாறி வந்துட்டே இருக்கும். ஆணுறையும் வாங்கி வையுங்க," என்றார் டாக்டரம்மா.

"என்ன டாக்டர் பேசறீங்க? எழுபது வயசு அவங்களுக்கு!"

"கிருமி வயசெல்லாம் விசாரிக்காது சார்."

அன்று மாலையே அறிவிப்புப் பலகையில், மேற்படி உபாதைக்கு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியே காரணம் என்று மேலாளர் ஒட்டினார். தொட்டியைக் கழுவினார்கள். நோய் அசையவில்லை. குழாய்களை மாற்றினார்கள். முன்னெச்சரிக்கையாக ஆண்களை மேல் மாடிக்கும் பெண்களைக் கீழ்த்தளத்துக்கும் பிரித்து, லிஃப்டை நிறுத்தி, படியில் காவலாளியை உட்கார வைத்தார்கள். தண்ணீருக்கும் படிக்கட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டவருக்கு, விஷயம் பரிசீலனையில் இருப்பதாகப் பதில் வந்தது.

மாத்திரைகள் மேலாளரின் மேஜை டிராயரில் பத்திரமாக இருந்தன. தையல்காரம்மாவுக்கு உட்காரக்கூட முடியாத எரிச்சல். மாடியிலிருக்கும் மனிதரைப் பார்க்காமல் இருப்பது அதைவிடப் பெரிய வேதனை.

"தண்ணியாலதான் வந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா. இப்பவே தர்றேன்," என்றார் மேலாளர்.

"தண்ணி என்ன சார் பாவம் பண்ணுச்சு? நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து இருந்தோம், வந்துச்சு. மாத்திரையைக் கொடுங்க. கதவுக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாளும் போட்டுக் கொடுங்க."

மேலாளர் அவளுடைய மகளுக்குச் சொல்லியனுப்பினார். மகள் வந்ததும் வராததுமாக அழுதாள். "இந்த வயசுல ஏம்மா உனக்கு இந்தப் புத்தி? எங்க மானம் என்ன ஆகறது?"

"உன்னை நான் என்ன மெஷின்லயா தைச்சு எடுத்தேன்?"

மகள் மூக்கைச் சிந்திக்கொண்டே மேலாளரைப் பார்க்கப் போனாள். போனவள் வரவே இல்லை. பெற்ற மனசு கேட்குமா? தையல்காரம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு தேடிப் போனாள்.

மேலாளர் அறை வாசலில் ஒரு வரிசை நின்றது. லாரிக்காரரின் மகன், கணக்காளர், நிர்வாகக் குழுத் தலைவர் என்று எல்லோரும் பெரிய மனிதர்கள். எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். உள்ளே மகளின் குரல் கேட்டது.

"போன தடவை வந்தப்போ நானும் இங்க ஒரு டம்ளர் தண்ணி குடிச்சேன் சார். எனக்கும் கொஞ்சம் மாத்திரை..."

"இதுக்கு ஏம்மா சங்கடப்படறீங்க? தண்ணிதானே!"

தண்ணீர் குடித்தவர்கள் ஒவ்வொருவராக வாங்கிக்கொண்டு போனார்கள். தையல்காரம்மாவின் முறை வந்தது.

"தீர்ந்துபோச்சும்மா," என்றார் மேலாளர். பிறகு, தன் கையிலிருந்த கடைசி மாத்திரையை வாயில் போட்டு, குழாயைத் திறந்து ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்து, மடக் மடக்கென்று குடித்தார்.