கூறு சாரும் குப்பத்து அலையும்

செங்கல்பட்டு ரயிலடியிலிருந்து மகாபலிபுரம் கடற்கரை வரைக்கும் சல்லடை போட்டுத் தேடினாலும், அடுத்தவர் பணத்துக்காகக் கூறு சார் அளவுக்குத் தூக்கம் கெட்ட மனிதர் இன்னொருவர் கிடைக்கமாட்டார்.

எழுபதுகளில் எங்கள் லாரி கம்பெனியில் அவர் கணக்கர். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. சந்தையில் கத்தரிக்காயைக் கூறு கட்டுகிற மாதிரி, காசு என்றால் நாலு கூறாகப் பிரித்தே ஆகவேண்டும் என்பது அவர் கட்சி.

“தங்கம் வாங்கலாமா சார், சீட்டு கட்டலாமா?” என்று யாராவது கேட்டால் பதில் வராது, கேள்விதான் வரும். “பணம் எப்போ வேணும்? பாதி பூடுச்சுன்னா தாங்குவியா?” தாங்கமாட்டேன் என்றால், “அப்போ பிரிச்சுப் போடு” என்பார். தாங்குவேன் என்றாலும் அதேதான்.

கொள்கையை வீட்டிலும் விடவில்லை. திருக்கழுக்குன்றம் போனால் மனைவி ஒரு பஸ், இவர் அடுத்த பஸ். குடைகூட இரண்டு. ஒன்று வீட்டில், ஒன்று ஆபீஸில். மழை மட்டும் நடுவழியில் பிடித்துக்கொள்ளும். தொப்பலாக வந்து நின்று, “ரெண்டு குடையும் பத்திரம்” என்பார்.

எங்கள் டிரைவர் முனுசாமிக்கு மகாபலிபுரம் பக்கத்துக் குப்பம். மனைவி கன்னியம்மாவின் பங்குக்கு வந்த மனையை விற்ற பணம் மொத்தத்தையும், அவள் தம்பி வாங்கப்போகும் விசைப்படகில் போடப்போவதாகச் சொன்னான். கூறு சாருக்குச் சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு குப்பத்துக்கே போய்விட்டார்.

“இன்னா சார், படகு ஓடுனா டப்பு கொட்டும். தபாலாபீஸ்ல போட்டா சும்மா தூங்கிகினு கெடக்கும்” என்றான் முனுசாமி.

சார் செருப்பைக் கழற்றிவிட்டு ஈரமணலில் உட்கார்ந்து நாலு குவியல் குவித்தார். “இது தபாலாபீஸு. இது நகை. இது அவசரத்துக்குக் கையில. இது படகு.”

ஓர் அலை வந்து படகுக் குவியலைக் கரைத்துவிட்டுப் போனது. சார் துள்ளிக் குதித்தார். “பாத்தியா! ஒரு கூறுதான் பூட்ச்சு!”

அடுத்த அலை மீதி மூன்றையும், கூடவே அவர் செருப்பில் ஒன்றையும் வாரிக்கொண்டு போனது.

“எல்லாமே பூட்ச்சே சார்!” என்றான் முனுசாமி. குப்பமே சிரித்தது.

சார் அசரவில்லை. “நாலையும் ஒரே எடத்துல வெச்சேன் பாரு, அதான் தப்பு!”

கன்னியம்மா மட்டும் சிரிக்கவில்லை. “சார் சொல்றதுதான் சரி. என் பணம், நான் பிரிச்சுத்தான் போடுவேன்” என்றாள். படகுக்கு ஒரு கூறுதான் போனது. மீதிக்குத் தம்பி வேறு கூட்டாளியைப் பிடித்தான். முனுசாமி சாரிடம் முகம் கொடுத்தே பேசவில்லை.

ஐப்பசிப் புயலில் அந்தப் படகு பாறையில் மோதிச் சிதறியது. ஆட்கள் தப்பினார்கள். கையிலிருந்த காசில் அக்கா வீட்டிலும் தம்பி வீட்டிலும் அடுப்பு எரிந்தது. தபாலாபீஸ் பணத்தில் தம்பிக்கு ஒரு கட்டுமரம் வந்தது. கன்னியம்மாவின் நகை அவள் கழுத்திலேயே இருந்தது.

தை பிறந்ததும் அவள் ஆபீஸுக்கே வந்துவிட்டாள். ஓலைக்கூடையில் பெரிய வஞ்சிரம். “புது கட்டுமரத்துல வந்த மொத மீனு சார். உங்களுக்குத்தான்.”

சார் சுத்த சைவம். அது அவளுக்குத் தெரியாது. இரண்டு கையாலும் வாங்கித் தன் மேஜைமேல் வைத்துக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அன்று முழுக்க ஆபீஸில் மீன் வாடை. எழுந்துபோய் ஜன்னலைத் திறக்க எங்களில் ஒருவருக்கும் மனம் வரவில்லை.