காலி என்று தீர்மானிக்கப்பட்ட கைபேசி

ஒரு கைபேசி காலியாகத்தான் இருக்கிறது என்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றிய அலுவலகம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அதில் வேலை பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்திருக்கிறது.

ஆஸ்பத்திரிக்கு வர முடியாத நோயாளிகளின் வீட்டுக்கு நர்ஸ்களை அனுப்புவது எங்கள் அலுவலகத்தின் பணி. நர்ஸ் போவார், புண்ணுக்குக் கட்டுப் போடுவார், கைபேசியில் படம் எடுத்து அனுப்புவார். ஆஸ்பத்திரியில் இருக்கும் டாக்டர் அதைப் பார்த்து அடுத்து என்ன செய்வது என்று சொல்வார். ஒரு காரியம் இவ்வளவு எளிதாக நடப்பது நிர்வாகத்துக்கு அழகல்ல என்பதை எங்கள் இயக்குநர் உணர்ந்தார். கடைகளில் கிடைக்கும் போன்களை ஒதுக்கிவிட்டு, லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளத்தில் ஓடும் 'சுதந்திரக் கைபேசி'யை நர்ஸ்கள் எல்லோருக்கும் வழங்கினார். கூடவே அதில் 'கண்காணி' என்ற செயலியையும் ஏற்றிவைத்தார். நர்ஸ் நடக்கிறாரா, நிற்கிறாரா, விரல் திரையைத் தொட்டதா, தொடவில்லை என்றால் எவ்வளவு நேரம் தொடவில்லை என்று கண்காணி ஓயாமல் எழுதிக்கொண்டே இருக்கும். சுதந்திரத்தை இவ்வளவு நெருக்கமாக நின்று கவனித்துக்கொண்ட நிர்வாகி வேறு யாரும் கிடையாது. கண்காணி கண்ணயரக் கூடாது என்பதற்காகக் கைபேசியை அணைப்பதும் தடை செய்யப்பட்டது.

அங்கே நான் கணினிப் பிரிவு. ஆள் நான் ஒருவன்தான் என்பதால் பிரிவில் பிரிவினை எதுவும் இல்லை.

நர்ஸ்களில் ஒருவர் என் அண்ணி. என் அண்ணனைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தவர். ஒரு நாள் காலையில் கைபேசியைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார்.

"தம்பி, போட்டோ எடுத்தா 'இடமில்லை'ங்குது. உள்ள போய்ப் பாத்தா பாதிக்கு மேல காலின்னு காட்டுது. நான் எதை நம்புறது?"

வாங்கிப் பார்த்தேன். மொத்த இடத்தை அளந்து காட்டும் அமைப்புகள் பக்கம் 'நிரம்பிவிட்டது' என்றது. கோப்புகளை ஒவ்வொன்றாகக் கூட்டிச் சொல்லும் பக்கம் 'பாதிக்கு மேல் காலி' என்றது. ஒரே கைபேசி, இரண்டு நாக்கு.

"சீக்கிரம் சரி பண்ணிக் குடு. ஒரு பெரியவருக்குக் கால் விரல்ல புண்ணு. சர்க்கரை வேற. நேத்து அந்த விரல் இருந்த நிறம் எனக்குப் பிடிக்கல. டாக்டர் படத்தைப் பாத்தாத்தான் ஆம்புலன்ஸ் அனுப்புவாரு."

"உங்க சொந்த போன்ல எடுத்து அனுப்புங்களேன்?"

"சொந்த போன்ல எடுத்தா அது புண்ணாவே கருதப்படாதுன்னு சர்க்குலர் போட்டிருக்காங்களே!"

உண்மைதான். அந்தச் சுற்றறிக்கையைத் தட்டச்சு செய்தவனே நான்தான்.

இரண்டு கணக்குகள் ஒத்துப்போகவில்லை என்ற செய்தி இயக்குநரின் காதுக்கு எட்டியது. வேறொருவராக இருந்தால் கைபேசியைப் பார்த்திருப்பார். இவர் கூட்டம் கூட்டினார். அதற்கு 'இட முரண்பாட்டு நல்லிணக்கக் கூட்டம்' என்று பெயரும் வைத்தார். பிஸ்கட் வந்தது.

"ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுத்துடலாம் சார்," என்றார் துணை இயக்குநர். "கால்வாசி காலின்னு வரும். யார் மனசும் நோகாது."

கணக்கு அதிகாரி மறுத்துத் தலையை ஆட்டினார். "நிரம்பிடுச்சுன்னு ஒத்துக்கிட்டா நாளைக்குப் புது போன் கேப்பாங்க. முழுசாக் காலின்னே வச்சுக்குவோம்."

நான் எழுந்தேன். "சார், ரெண்டு கணக்குமே பொய்யா இருக்காது. ரெண்டும் வேற வேற எதையோ எண்ணுதுன்னு நினைக்கிறேன். கொஞ்சம் நேரம் குடுத்தா காரணத்தைக் கண்டுபிடிச்சிடுவேன்."

"முடிவு எடுத்த பிறகு காரணத்தைத் தேடக் கூடாது தம்பி," என்றார் இயக்குநர் பரிவோடு. "குழப்பம் வரும். காலின்னு போட்டுக்குங்க."

கைகள் உயர்ந்தன. பிஸ்கட் இருந்த கைகளும் உயர்ந்தன.

"சார், தீர்மானம் போட்டா போட்டோ ஏறுமா?" என்று கேட்டார், கைபேசியோடு கூட்டத்துக்கு வரவழைக்கப்பட்டிருந்த அண்ணி.

"ஏறலைன்னா, நீங்க சொந்தப் படமெல்லாம் உள்ள வச்சிருக்கீங்கன்னு அர்த்தம். அழிங்க."

அண்ணியின் மகள் சைக்கிள் பழகியபோது அவசரத்துக்கு அந்தக் கைபேசியில் எடுத்த படங்கள் சில இருந்தன. எல்லோருக்கும் முன்னால் ஒவ்வொன்றாக அழித்தார். கடைசிப் படத்தின்மேல் விரல் கொஞ்சம் தயங்கியது. கண்காணி அதை 'செயலின்மை' என்று குறித்துக்கொண்டிருக்கும். பிறகு சோதனைக்காக இயக்குநரையே ஒரு படம் எடுத்தார்.

'இடமில்லை' என்றது கைபேசி.

"கோளாறு உங்க அணுகுமுறைல இருக்கு," என்று இயக்குநர் கூட்டத்தை முடித்துவைத்தார்.

அண்ணி பெரியவர் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே எந்த நர்ஸின் கைபேசிக்குள்ளும் நுழையும் வசதி எனக்கு உண்டு. அவர்களை நம்புகிறோம் என்பதை உறுதிப்படுத்திக்கொள்வதற்காகக் கொடுத்தது. கட்டளைகளைத் தட்டும் கறுப்புத் திரையைத் திறந்து, அழித்த பிறகும் யாராவது கையில் பிடித்துவைத்திருக்கும் கோப்புகள் உண்டா என்று கேட்டேன். பதில் நீளமாக வந்தது. வரிக்கு வரி ஒரே பெயர்: கண்காணி.

விஷயம் இதுதான். கண்காணி எழுதித் தள்ளுவது மலையாகக் குவியும் என்பதால் பழைய பதிவுகளைத் தினமும் அழிக்க ஏற்பாடு இருந்தது. ஆனால் லினக்ஸுக்கு ஒரு நாகரிகம் உண்டு. ஒரு கோப்பை ஒரு செயலி திறந்து வைத்திருக்கும்போது அழித்தால், பெயர் போய்விடும். அந்தச் செயலி கையை விடும்வரை இடம் போகாது. கண்காணி தினம் ஒரு புதுக் கோப்பைத் திறந்தது, பழையது ஒன்றைக்கூட மூடவில்லை. சைக்கிள் படங்களை அழித்துக் கிடைத்த இடத்தையும் அதுவே உடனே எழுதி நிரப்பிவிட்டிருந்தது. வாசல் பலகையில் பெயரை அழித்துவிட்டார்கள், ஆள் உள்ளே கால் நீட்டிப் படுத்திருக்கிறார். ஒரு பக்கம் பெயர்களை எண்ணிவிட்டுக் காலி என்றது. மறுபக்கம் இடத்தை அளந்துவிட்டு நிரம்பிவிட்டது என்றது. இரண்டும் உண்மை. தீர்மானம் மட்டும்தான் பொய்.

இயக்குநர் அறைக்கு ஓடினேன். "சார், கண்காணியை ஒரு தடவை நிறுத்திட்டு ஓடவிட்டாப் போதும்."

"நிறுத்தறதா?" அவர் நாற்காலி பின்னால் நகர்ந்தது. "நிறுத்தின நேரத்துல வேலை நடந்துச்சான்னு நமக்கு எப்படித் தெரியும்?"

"நடக்கும் சார்."

"ஆதாரம்?"

என் போன் அடித்தது. அண்ணி.

"தம்பி, விரல் கறுத்துப்போச்சு. பாதத்துக்கு ஏறுது. டாக்டர்கிட்ட வாயால சொல்லிட்டேன், படம் இல்லாம வண்டி அனுப்ப அனுமதி இல்லைங்கிறாரு. அந்தப் பெரியவர் என் கையைப் பிடிச்சுக்கிட்டு விட மாட்டேங்கிறாரு."

இயக்குநரைப் பார்த்தேன். அவர் விதிமுறைப் புத்தகத்தைத் தேடிக்கொண்டிருந்தார்.

"அண்ணி, போனை அணைச்சுட்டு மறுபடி போடுங்க. சரியாயிடும்."

"அணைக்கக் கூடாதுன்னு இருக்கே?"

"நான்தான் சொன்னேன்னு சொல்லிக்குங்க."

"யார் சொன்னான்னு சொல்லிட்டிருக்க எனக்கு நேரமில்ல," என்றார். பேச்சு நின்றது. அணைத்துவிட்டார்.

கைபேசி மறுபடி விழித்தபோது கண்காணியின் பிடி விட்டுப்போயிருந்தது. படம் ஏறியது. டாக்டர் பார்த்தார். ஆம்புலன்ஸ் வந்தது. பெரியவருக்கு ஒரு விரல் போயிற்று, கால் தப்பியது. டாக்டர் அண்ணியிடம், "இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா முழங்கால் வரைக்கும் எடுத்திருப்போம்மா," என்றாராம்.

இயக்குநர் பெருமிதத்தோடு அறிக்கை வெளியிட்டார்: 'கூட்டத்தில் தீர்மானித்தபடியே கைபேசி காலியானது.' தீர்மானம் கொஞ்சம் முந்திக்கொண்டது, உண்மை பின்னால் வந்து சேர்ந்தது என்று துணை இயக்குநர் பாராட்டிப் பேசினார். பழைய கோப்புகளை மூடும்படி கண்காணியை நான் சத்தமில்லாமல் திருத்திவைத்தேன். சைக்கிள் படங்கள் மட்டும் திரும்பி வரவில்லை. அவற்றை யாரும் கையில் பிடித்துவைத்திருக்கவில்லை.

ஆனால் நல்ல நிர்வாகம் வெற்றியில் மயங்காது. கண்காணியின் பதிவில் ஓர் இடைவெளி விழுந்திருந்ததை இயக்குநர் கவனித்துவிட்டார். விசாரணைக்கு அண்ணியை அழைத்தார். எதிரில் உட்காரவைத்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, மிகுந்த கண்ணியத்தோடு கேட்டார்:

"பணி நேரத்துல, கண்காணி நின்னுபோயிருந்த அந்த நேரத்துல, நீங்க என்னம்மா பண்ணிட்டிருந்தீங்க?"

அண்ணி கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார்.

"வேலை சார்."