குறை சொல்லும் கார்

காரில் வைத்த ஆம்ப்ளிஃபயரின் குமிழை எங்கே நிறுத்த வேண்டும் என்று தனக்கு யாரும் பாடம் எடுக்கக் கூடாது என்பது பூட்டுக்கடைக்காரரின் வைராக்கியம். பாடம் எடுக்கக்கூடிய ஒரே ஆள் வீட்டிலேயே இருந்ததுதான் காரணம். அவர் மனைவி செவிப் பரிசோதகர். யார் காதுக்குள் எவ்வளவு சத்தம் போகலாம் என்று அளப்பதே அவளுக்கு வேலை.

ஞாயிற்றுக்கிழமை காலை, டிக்கிக்குள் தலையை விட்டு, கெயின் என்று எழுதியிருந்த குமிழை ஸ்க்ரூடிரைவரால் திருகினார். அது இனி முடியாது என்று நிற்கும் வரை திருகினார்.

"ஏங்க, அதைக் கடைசி வரைக்கும் திருகுறீங்க?"

"கெயின்னா என்ன அர்த்தம்? லாபம். லாபத்தை யாராவது குறைச்சு வைப்பாங்களா?"

"அது சத்தம் கூட்டுற குமிழ் இல்லைங்க. பிளேயர் அனுப்புறதை ஆம்ப் எவ்வளவு உன்னிப்பா கேக்கணும்னு சொல்ற குமிழ். அது வாய் இல்லை, காது. முழுசா திறந்து வெச்சா, பாட்டு இல்லாதப்பவும் எதையாவது கேட்டுக்கிட்டே இருக்கும்."

"நீ போனை மட்டும் கொடு. ஒரு பாட்டு போட்டுப் பார்க்கலாம்."

அவளுடைய போனை வாங்கி, ப்ளூடூத்தில் காரோடு இணைத்தார். பாட்டு வந்தது. ஷெட்டின் தகரக் கதவு அதிர்ந்தது. அவருக்கு மகா சந்தோஷம். அன்றிலிருந்து போகும்போதும் வரும்போதும் அதே அதிரடிதான்.

நாலாம் நாள் காலை தெருவெல்லாம் பனி மூடியிருந்தது. பாட்டுப் போடாமல் காரைக் கிளப்பியவர், ஒரு சத்தம் கேட்டு நிமிர்ந்தார். ஸ்ஸ்ஸ். மூடிய அறைக்குள் யாரோ மூச்சை இழுத்துக்கொண்டே இருக்கிறார்கள். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் அதனூடே மெல்லிய அழுகை ஒன்று உயர்ந்தது. காலை எடுத்தால் விசும்பலாக இறங்கியது. அது பழைய கார். விற்ற தரகர், "ஒரு அம்மா ஓட்டிட்டு இருந்தாங்க, இப்ப அவங்க இல்லை" என்று சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

மறுநாள் மதியம், ஷெட்டில் காருக்குள் உட்கார்ந்து பாட்டை நிறுத்தினார். மூச்சு மட்டும் நிற்கவில்லை. பிடரிக்கு மிக அருகில் ஒரு பெண்குரல் நிதானமாகச் சொன்னது.

"குறை."

திரும்பிப் பார்த்தார். பின்சீட்டில் அவருடைய சாவிப்பெட்டி மட்டும் இருந்தது. ஷெட்டுக்கு மூன்று பூட்டு. மூன்றும் அவரே செய்தவை. அவருக்குத் தெரியாமல் ஈகூட உள்ளே வராது. மனைவியாக இருக்குமோ என்று ஒரு நொடி தோன்றியது. சேச்சே. பன்னிரண்டு வருஷத்தில் அவள் அவரை ஒருமையில் பேசியதே இல்லை. திட்டும்போதுகூட, "உங்களுக்கு மூளைங்கிறது இருக்குதுங்களா?" என்றுதான் கேட்பாள். அவளாக இருந்தால் "குறைங்க" என்றல்லவா வந்திருக்கும்? ஆக, இது கட்டளை இல்லை. யாருக்கோ தீராமல் போன குறை.

"எ... என்னம்மா குறை?" என்று கேட்டார்.

"குறை."

கதவை மூடக்கூட நிற்காமல், ஷெட்டை ஒட்டியிருந்த சமையலறைக்குள் பாய்ந்தார். மனைவி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"கார்ல ஒரு பொம்பளை பேசுது."

"பாட்டா இருக்கும்."

"பாட்டை நிறுத்திட்டேன். தனக்குக் குறை இருக்குன்னு சொல்லுது."

"இந்த வீட்டுல வந்து மாட்டினா யாருக்குத்தான் குறை இருக்காது?"

"விளையாடாதே. அந்த மூச்சு என் பின்னாடியே வந்திருச்சு. கடையில சாவி வெட்டுற மெஷினை நிறுத்தின பிறகும் கேட்டுச்சு. இதோ, இப்பவும் கேக்குது. ஸ்ஸ்ஸ்ங்குது. உனக்குக் கேக்கலை?"

கத்தி நின்றது. அவள் எழுந்து மின்விசிறியை அணைத்தாள். சமையலறை நிசப்தமானது.

"இப்ப?"

"இப்ப இன்னும் நல்லாக் கேக்குது."

அவள் முகம் வெளுத்தது. அவளும் பேய்க்குப் பயந்துவிட்டாள் என்று அவர் நினைத்தார். அதிக சத்தம் கேட்டுக் கேட்டு, காதுக்குள் அந்த இரைச்சலோடு அவளிடம் வந்தவர்களில் சிலருக்கு அது கடைசிவரை போகவே இல்லை என்பது அவருக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும்.

"இந்த மாதிரி குறைக்கு ஒரு முறை இருக்குங்க. எழுதித் தர்றேன். ஒரு வரி பிசகக் கூடாது."

சனிக்கிழமை மதியம், ஷெட் கதவைப் பாதி திறந்து வைத்து, காகிதத்தை மந்திரம் போலப் படித்தபடி அவர் தொடங்கினார். பேஸ், ட்ரெபிள் என்ற குமிழ்களை நடுவில் நிறுத்தினார். கெயின் குமிழை இடப்பக்கம் கடைசி வரை கொண்டுபோனார். மூச்சு அறுந்தது. அந்த அமைதியில் தன் கைக்கடிகாரம் ஓடுவது கேட்டு அவருக்கு உடம்பு சிலிர்த்தது.

அடுத்து, பிளேயரில் சத்தத்தை முக்கால் பங்குக்கு வைத்துத் தெரிந்த பாட்டொன்றைப் போடச் சொல்லியிருந்தாள். போட்டார். பிறகு குமிழை மயிரிழை மயிரிழையாகக் கூட்டினார். பாதியைத் தொடும் முன்பே பாடகியின் குரல் கரகரவென்று உடைந்தது. 'உடையும் இடத்தில் நின்று, கொஞ்சம் பின்வாங்கவும். அதற்குமேல் அந்தக் குமிழைத் தொட்டால் குறை திரும்பும்.' பின்வாங்கினார். குரல் தெளிந்தது. பாட்டை நிறுத்தினார். மூச்சு இல்லை. இன்ஜினை உறுமவிட்டார். அழுகை இல்லை.

"சரி" என்றது பெண்குரல்.

அவர் ஸ்டீயரிங்கைப் பார்த்துக் கும்பிட்டார்.

காகிதத்தின் கடைசி வரி பத்து நாள் காரில் பாட்டே கூடாது என்றது. அதையும் காப்பாற்றினார். பதினோராம் நாள் மனைவி அவரைத் தன் கிளினிக்கின் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து ஹெட்போன் மாட்டினாள். ஒவ்வொரு ஒலிக்கும் பொத்தானை அழுத்தினார். தாளில் கோடு ஒழுங்காக ஓடியதும் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"என்ன, அழறியா?"

"தூசிங்க. அந்த ஸ்ஸ்ஸ் இன்னும் கேக்குதா?"

"அதைத்தான் நான் விரட்டிட்டேனே."

அதோடு விட்டிருக்கலாம். மறுநாள் ஷெட் வாசலில் எதிர்வீட்டுப் பெயிண்டரை நிறுத்திவைத்து, கார்க் கதவைத் திறந்துபோட்டு, பிளேயரையும் போட்டுக் காட்டிக் கதை அளந்தார்.

"ஏழு பேய் அண்ணே. மூணு பூட்டு போட்ட ஷெட்டுக்குள்ள. நான் ஒத்தை ஆளா உட்கார்ந்து, 'என்னடி உங்க குறை'ன்னு ஒரு அதட்டு அதட்டினேன். ஏழும் கால்ல விழுந்துச்சு."

பாட்டு சட்டென்று நின்றது. ஸ்பீக்கரிலிருந்து இரைச்சலோ கரகரப்போ இல்லாமல், வெங்காயம் நறுக்கும் சத்தம்கூடத் தெளிவாகக் கேட்கும்படி, அதே பெண்குரல் வந்தது.

"கொஞ்சம் குறைங்க."

பூட்டுக்கடைக்காரர் சமையலறை ஜன்னலைப் பார்த்தார். அங்கே ஒரு கையில் கத்தியும் மறு கையில் போனும் இருந்தன. உலகத்தில் பூட்டே போட முடியாத சாமான் ஒன்று உண்டு என்பதும், அதை அந்த முதல் ஞாயிற்றுக்கிழமை தன் கையாலேயே அவள் போன் வழியாகக் காரோடு இணைத்தோம் என்பதும் அவருக்கு மெல்ல விளங்கின.

பெயிண்டர் சொன்னார்: "பரவாயில்லை தம்பி, உங்க பேய்க்கு மரியாதை தெரிஞ்சிருக்கு."