பத்தியம் தவறாதவள்

சோழவந்தான் வைத்தியரே, என் வீட்டுக்குச் சக்களத்தி வந்தது உம்மால்தான். ஊர் என் வயிற்றைக் குறை சொல்கிறது. நான் உம்மைச் சொல்கிறேன்.

என் முட்டாள்தனத்தையும் மறைக்கப் போவதில்லை. எங்கள் கொடிக்காலில் எந்த வெற்றிலைக் கொடிக்கு எப்போது தண்ணீர் விட வேண்டும் என்று எனக்குத் தெரியும். என் உடம்பைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது.

பிள்ளை இல்லை என்று மாமியார் என்னை உம்மிடம் கூட்டி வந்தார். நாடி பார்த்து, "கெர்ப்பப்பைச் சூடு தாயி" என்றீர். மாதாமாதம் தலை முழுகியதும் லேகியம் தொடங்க வேண்டும். இரண்டு வாரம் பத்தியம். புளி ஆகாது, புருஷன் ஆகாது. லேகியம் தீர்ந்தபின் சேரலாம்.

அந்த இரண்டு வாரமும் என் வீட்டுக்காரருக்குக் கொடிக்கால் குடிசையில் படுக்கை. பகலில் தண்ணீர் குடிக்க வந்தாலும் மாமியார் குறுக்கே நிற்பார்.

"அங்கிட்டே நில்லுடா. மருந்து முறிஞ்சிரும்."

நான் செம்பை வாசற்படியில் வைத்துவிட்டு ஓடுவேன். "நாய்க்கு வைக்கிற மாதிரி வைக்கிறா" என்று முனகிக்கொண்டே குடிப்பார். (நாய்க்காவது தலையைத் தடவிக் கொடுப்போம்.)

இப்படியே வருடங்கள் போயின. உசிலம்பட்டியில் அவருக்கு வேறு பெண் பார்த்துவிட்டார்கள். மாமியார் காலில் விழுந்தேன். "ஒரே ஒரு தடவ மதுரையில பொம்பள டாக்டர்ட்ட காட்டிருவோம் அத்தை."

"அவளும் கைய விரிச்சா, அப்புறம் நீ வாயத் தொறக்கக் கூடாது" என்று சொல்லித்தான் வந்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவுக்கும் காத்திருந்த பெண்களுக்கும் நடுவே ஒரு துணித் திரைதான் இருந்தது.

"ஏம்மா, தலைக்கு ஊத்துன பிறகு எப்ப வீட்டுக்காரரோட சேருவீங்க?"

பரீட்சையில் முதல் மார்க் வாங்கியவளைப் போல உரக்கச் சொன்னேன். "ரெண்டு வாரத்துக்குக் கிட்டவே சேக்க மாட்டேன் டாக்டரம்மா. இம்புட்டு வருசத்துல ஒரு நாள் பத்தியம் தவறுனதில்ல. அத்தையே சாட்சி."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "மாசத்துக்கு நடுவுல கொஞ்ச நாள்தாம்மா கரு தங்கும். அந்த நாளையெல்லாம் பூட்டி வச்சிட்டு, ஆகாத நாள்ல கதவத் தொறந்திருக்கீங்க."

திரைக்கு அந்தப் பக்கம் ஒரு குரல்: "வெதைக்கிற அன்னைக்கு மாட்டக் கட்டிப் போட்டுட்டு, அறுப்புக்கு அருவாளோட போனாளாம்."

பெஞ்சு முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய? வெளியே வந்தபோது ஒருத்தி கேட்டாள், "யக்கா, எந்த வைத்தியரு?" உம் பெயரைச் சொன்னேன். அவள் சிரிப்பு நின்றுவிட்டது. அவள் பக்கத்தில் இருந்தவளுடையதும்.

திரும்பும்போது ரயிலில் மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அம்புட்டுப் பேரு முன்னால வீட்டுக் கதைய அவுத்து விட்டுட்டியே." டாக்டர் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. ஏற்கெனவே வெற்றிலை பாக்கு மாற்றியாகிவிட்டது. கல்யாணம் நடந்தது. அதன் பிறகு என் வீட்டுக்காரர் என் அறைப் பக்கம் வரவில்லை.

பிறகு வந்தவளுக்கும் மாமியார் உம் லேகியத்தையே கொடுத்தார். அவளைக் கொல்லைப்புறம் கூட்டிப்போய், டாக்டர் சொன்னதைச் சொன்னேன். லேகியத்தை முருங்கை மரத்தடியில் கொட்டினேன். (அந்த வருடம் முருங்கை காய்த்துத் தள்ளியது.) பத்திய நாட்களில் மாமியார் கோவிலுக்குப் போன நேரம் பார்த்து, தூக்குச்சட்டியில் சோறு போட்டு, கொடிக்கால் குடிசைக்கு அவளை அனுப்பியதும் நான்தான். அவள் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பையன் பிறந்தான். மாமியார் உமக்கு வேட்டி துண்டு வைத்துக் கும்பிட்டார். நீரும் வாங்கிக்கொண்டீர். இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாராவது பத்தியம் இருந்தால், "பெரியவ மாதிரி இருந்துராதீக, வம்சம் அத்துப் போகும்" என்று சிரிக்கிறார்கள். அந்தப் பையனும் சேர்ந்து சிரிக்கிறான்.

நீர் இன்னும் சந்தையில் கடை விரித்து, "என் லேகியத்துல பொறந்த பிள்ளை" என்று அவனைக் காட்டுகிறீராம். அடுத்த சந்தைக்கு நானும் வருகிறேன். அத்தனை சனத்துக்கும் முன்னால் பதில் சொல்லும்: உம் மருந்தைத் தின்னாதவள் பெற்றாளே, தின்ற நான் ஏன் பெறவில்லை?