கண் போன கரடிகள்

"கரடிக் கண்ணு கையோட வருது பாருங்க பெரியவரே. புள்ள முழுங்கிட்டா?" பொம்மைக் கரடியிலிருந்து பிடுங்கிய கண்ணை மேசைமேல் வைத்தார் தரக்கட்டுப்பாட்டு ஆய்வாளர் வினிதா. "புகார்ல சொன்ன மாதிரியே ஐஎஸ்ஐ முத்திரையும் இல்ல. மறுபடி இப்படியே இருந்தா கடைக்குச் சீல்தான்."

ஜீப் போனதும் நாராயணப்பன் முனகினார். "கம்பெனி பிரஸ் மிஷின்ல என் வெரலு போனப்ப ஒரு ஆபீசரும் வரல. கரடிக்குக் கண்ணு போனா ஓடி வராங்க."

பிள்ளைகள் வளர்ந்துவிட்ட வீட்டார் கொண்டுவந்து வைக்கும் பொம்மை, தொட்டில், நடைவண்டிகளை விற்றுக்கொடுக்கும் கடை அவருடையது. ஓசூர் சிப்காட் பக்கம் ஒரு சந்தில் இருந்தது. மனைவி பார்வதி போய்ச்சேர்ந்த பிறகு அவரிடம் யாராவது வாய் திறந்து பேசுவது பெரும்பாலும், "இது என்ன வெலைங்க?" என்று கேட்கத்தான். சீல் வைத்தால் அதுவும் போச்சு.

எல்லாப் பொம்மைகளின் கண்களையும் பிடுங்கிப்போட்டார். மறுநாள் வந்த குழந்தை, குருட்டுக் கரடி வரிசையைக் கண்டு வீறிட்டது.

"ஏங்க, எல்லாம் கண்ணாஸ்பத்திரியில இருந்து வந்ததா?" என்றாள் தாய்.

மார்க்கரால் கண் வரைந்தார். இருக்கிற விரல்களுக்கு அவ்வளவுதான் வந்தது. அத்தனை கரடியும் மாறுகண்ணால் முறைத்தன. ஒரு பொடிசு கண்ணை நக்கி நாக்கைக் கறுப்பாக்கிக்கொண்டது. அப்பன்காரன் சட்டைக்காலரைப் பிடிக்காத குறை.

மையைப் போக்கக் கரடிகளைச் சோப்பில் அலசி, சந்துக்குக் குறுக்கே கொடி கட்டிக் காதில் கிளிப் மாட்டித் தொங்கவிட்டார். சாயம் ஒழுகி, எதிர்க்கடை ராஜேஷ்குமார் வாசலில் அடுக்கியிருந்த புதுப் பொம்மைப் பெட்டிகள்மேல் சொட்டியது.

"யோவ், என்னய்யா இது?"

"புகார் குடுத்ததே நீதான? என் கடை போனா உனக்குத்தான லாபம்?"

"உன் கிழிஞ்ச கரடியா எனக்குப் போட்டி? இனிமே என்கிட்ட பேசாத."

சாயங்காலம் டீ குடிக்க அவரோடு உட்காரும் ஒரே ஆளும் அன்றோடு போனான்.

ஞாயிற்றுக்கிழமை பெங்களூரிலிருந்து மகன் பிரகாஷ் வழக்கம்போல் கூப்பிட்டான். "கடைய மூடிட்டு இங்க வந்துருங்கப்பா."

"யாவாரம் நல்லா ஓடுதுடா."

ஒப்புக்குக் கூப்பிடுகிறான் என்று நினைத்துக்கொண்டார். எப்போதும் அப்படித்தான் நினைப்பார்.

அந்த வாரமே ஜீப் வந்தது. கொடியில் தொங்கிய கரடிகளை வினிதா அண்ணாந்து பார்த்தார். கதவைப் பூட்டிச் சீல் வைத்தார்.

கையில் வேலையில்லாமல் நடுச்சந்தில் நின்ற நாராயணப்பன், எதிர்க்கடையைப் பார்த்துக் காறித் துப்பினார். "பாவி. ஒண்டி ஆளோட பொழப்பக் கெடுத்துட்டான்."

ஜீப் டிரைவர் மதுரைவீரன் மெல்லக் கிட்டே வந்தார். "அவர ஏன் வையறீங்க பெரியவரே? புகார் குடுத்தது உங்க மகன். கடைன்னு ஒண்ணு இருக்கறவரைக்கும் எங்கப்பா எங்கூட வந்து இருக்க மாட்டாருன்னு, வாராவாரம் மேடத்துக்குப் போன் பண்ணி அழுவறாரு."