பலகைக்குப் பின்னால் நிற்கும் மேதை

சதுரங்கப் போட்டி மண்டபங்களில் ஆடாமலேயே ஜெயிக்கும் ஓர் இனம் உண்டு. அடுத்தவர் பலகைக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு, உதட்டைப் பிதுக்கியபடி நிற்கும். கிள்ளானிலிருந்து வரும் நம் பழனியப்பன் அதில் முதல் தரம்.

இவர் கடைசியாகக் காயைத் தொட்டது எப்போது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், கோபம் வரும். உள்ளே கைத்தொலைபேசி கூடாது என்பதால், ஆட்டம் சூடுபிடித்ததும் படிக்கட்டுக்கு ஓடி, பலகையில் பார்த்ததை அப்படியே தொலைபேசியிலுள்ள சதுரங்கச் செயலியில் அடுக்கி, அது சொல்லும் நகர்வை மனப்பாடம் செய்துகொண்டு, ஏதோ தாமே மண்டையை உடைத்துக் கண்டுபிடித்த களைப்போடு திரும்பி வருவார். அப்புறம் என்ன? ஆடுகிறவர்கள் எல்லாரும் முட்டாள்கள்.

போன ஞாயிறு பிரிக்பீல்ட்ஸில் கடைசிச் சுற்று. இவருடைய கிளப்பைச் சேர்ந்த யுகேந்திரன் ஜெயித்தால் மாநில அணியில் இடம். தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். எதிரே செலாயாங்கிலிருந்து வந்த ஷஹானா. ஆட்டம் சிசிலியன் என்ற தொடக்கம். அதில் சமாதானப் பேச்சே கிடையாது. ஆளுக்கொரு மூலையில் ஒளிந்திருந்த ராஜாக்களைத் தேடி இருவரும் பாய்ந்துகொண்டிருந்தார்கள். ஒரு நகர்வு பிந்தினால் தீர்ந்தது கதை.

யுகேந்திரன் குதிரையை நகர்த்தினான். தொலைபேசி சொன்னது அதை அல்ல. பழனியப்பனுக்குப் பொறுக்குமா? நெற்றியில் படாரென்று அடித்துக்கொண்டார்.

அவசரமாக ராணியைத் தொடப்போன ஷஹானா நிமிர்ந்து அந்த முகத்தைப் பார்த்தாள். கையை இழுத்துக்கொண்டாள். பலகையை மறுபடி துருவித் துருவிப் பார்த்துவிட்டு, யானையை வெட்டுக் கொடுத்தாள். சற்று நேரத்தில் யுகேந்திரனின் ராஜா காலி. மாநில அணியும் காலி.

வெளியே வந்ததும் யுகேந்திரன் அவரை மறித்தான். “ஏண்ணே தலயில அடிச்சிக்கிட்டீங்க?”

“நான் வாயே தொறக்கலயே லா! வின்னிங் பொசிஷன். நீதான் கெடுத்துட்ட,” என்றார் பழனியப்பன்.

பின்னாலேயே வந்த ஷஹானா, “தேங்க்யூ அங்கிள். நீங்க அடிச்சிக்கலன்னா நான் அத பாத்திருக்கவே மாட்டேன்,” என்றாள்.

அதையும் பாராட்டாகவே வாங்கிக்கொண்டு சிரித்தார் மனுஷன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உங்களுக்கும் வந்திருக்கும். நியாயம்தான். ஆனால், யுகேந்திரன் குதிரையை நகர்த்தினான் என்று படித்ததும் ‘அடப்பாவி, அங்கேயா வைப்பது!’ என்று மனத்துக்குள் உச்சுக்கொட்டினீர்களே, அந்தக் குதிரை எந்தக் கட்டத்துக்குப் போனது என்று நான் இன்னும் உங்களுக்குச் சொல்லவே இல்லை.